இரும்பும் உகந்துடைமையும்

1

மோசமான படத்தைப் பற்றி எழுதுவது சுலபம். கோபம் தானே எழுதிக்கொண்டு போய்விடும். நல்ல படத்தைப் பற்றி எழுதுவதும் முடியாத காரியமல்ல. இரண்டிலும் சேராத ஒரு படம் நம்மை அழவைத்துவிட்டால் என்ன செய்வது என்பதற்குத்தான் நம் விமர்சனத்தில் வழி கிடையாது. வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘மெலோட்ராமா’ என்று ஒரு சொல்லை வீசிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுகிறோம். 2011ல் நானும் அப்படித்தான் செய்தேன். அந்தப் பழைய கணக்கைத் தீர்க்கவே இதை எழுதுகிறேன்.

படம் ‘ரியல் ஸ்டீல்’. ஷான் லெவி இயக்கிய அமெரிக்கப் படம். நான் பி.ஏ. முடித்த வருஷம். நண்பர்கள் நாலு பேர் நாகர்கோவிலிலிருந்து ரயிலேறித் திருவனந்தபுரம் போய்ப் பார்த்தோம். படம் எடுத்தவர்களுக்கு எதிர்காலமான 2020ல் கதை நடக்கிறது. மனிதர்கள் குத்துச்சண்டை போடுவது ஒழிந்து, ரோபோக்கள் மோதிக்கொள்வதுதான் விளையாட்டாகியிருக்கிறது. சார்லி கெண்டன் ஒரு பழைய குத்துச்சண்டைக்காரன். இப்போது ஓட்டை உடைசல் ரோபோக்களை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராய்ப் பந்தயம் கட்டித் தோற்றுக்கொண்டிருப்பவன். ஊரெல்லாம் கடன். அவனோடு எப்போதோ வாழ்ந்த பெண் இறந்துபோகிறாள். அவள் பெற்ற பதினொரு வயதுப் பையன் மாக்ஸ் சட்டப்படி இவனிடம் வந்து சேர வேண்டும். பையனை வளர்க்க ஆசைப்படுகிறவள் இறந்தவளின் சகோதரி. அவள் கணவன் பணக்காரன். சார்லி அவனைத் தனியே அழைத்துப்போய், ஒரு லட்சம் டாலருக்கு மகனைப் பேசி முடிக்கிறான். பாதி முன்பணம். அவர்கள் வெளிநாட்டுப் பயணம் முடித்துத் திரும்பும்வரை பையன் இவனோடு இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

போன மாதம் வீட்டில் மறுபடியும் இதைப் பார்த்தேன். பக்கத்தில் என் மகன். ஏழு வயது. சண்டைக் காட்சிகளுக்காக உட்கார்ந்தவன், முதல் அரைமணி நேரத்திலேயே கேட்டுவிட்டான்: “அப்பா, அந்த ஆளு பயல எவ்வளவுக்கு வித்தாரு?”

பாங்க் குமாஸ்தாவின் புத்தி, அன்றைய விகிதத்தில் ஐம்பது லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு என்று உடனே கணக்குப் போட்டுவிட்டது. பதிலைச் சொல்ல வாய் வரவில்லை. 21 வயதில் படம் பார்த்தபோது இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவேயில்லை. அப்போது நான் மகனாக மட்டும் இருந்தேன்.

2

படத்தின் மூலம் ரிச்சர்ட் மாத்திசன் 1956ல் எழுதிய ‘ஸ்டீல்’ என்ற சிறுகதை. 1963ல் ‘ட்விலைட் ஸோன்’ தொலைக்காட்சித் தொடரில் லீ மார்வின் நடித்து வந்தது. இந்தக் கதையில் பையன் கிடையாது. மனைவி கிடையாது. ஒரு பழைய ரோபோ, அதன் சொந்தக்காரன், அவனுடைய மெக்கானிக், இவ்வளவுதான். மாக்ஸோ என்ற அந்த ரோபோ சந்தையில் விலைபோகாத பழைய மாடல். பந்தயத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஸ்பிரிங் ஒன்று அறுந்துபோகிறது. ரிப்பேர் செய்யப் பணமில்லை. பந்தயத்தில் இறங்கினால்தான் பணம். சொந்தக்காரன் தானே ரோபோவைப் போல வேஷம் போட்டுக்கொண்டு மேடையேறுகிறான். எதிரே நிஜமான இரும்பு. ஒரு சுற்று முடிவதற்குள் நொறுங்கிப்போகிறான். கிடைத்தது பேசிய தொகையில் பாதி. உடைந்த உடம்போடு, அந்தப் பாதிப் பணத்தில் ரோபோவை எப்படிச் சரிசெய்யலாம் என்று யோசிப்பதோடு கதை முடிகிறது.

இயந்திரம் வந்த பிறகு மனிதனுக்கு மிச்சமிருப்பது என்ன என்று யார் கேட்டாலும் இந்தக் கதையைக் காட்டலாம். அடி வாங்குவது மட்டும்தான் மிச்சமிருக்கிறது. இங்கே இயந்திரத்தின் இடத்தில் மனிதன் போய் நிற்கிறான். படத்தில் இது தலைகீழாகிவிட்டது. மனிதனின் இடத்தில் இயந்திரம் போய் நிற்கிறது. வலிக்க வேண்டிய இடத்தில் தகரம் நசுங்குகிறது. மாக்ஸோ என்ற ரோபோவின் பெயரைச் சுருக்கிப் பையனுக்கு வைத்திருப்பதுபோல் தெரிகிறது. வேண்டுமென்றே செய்தார்களோ என்னவோ, பொருத்தமாகத்தான் அமைந்திருக்கிறது. கதையில் ரோபோ இருந்த இடத்தில் படம் ஒரு குழந்தையைக் கொண்டுவந்து வைக்கிறது. ரிப்பேர் செய்யப்பட வேண்டியது இப்போது அப்பன்–மகன் உறவு.

இதை வியாபாரம் என்று ஒதுக்கிவிடலாம். ஒரு காரணம் அதுதான், சந்தேகமில்லை. 11 கோடி டாலர் போட்டு எடுக்கும் படத்தில் நாயகனை ஒரு சுற்றில் நொறுக்கிப் பாதிக் கூலியோடு வீட்டுக்கு அனுப்ப எவனும் சம்மதிக்கமாட்டான். ஆனால் வியாபாரம் மட்டும் என்றால் அந்த விற்பனைக் காட்சி எதற்கு? நாயகன் மகனை விற்கிறான், அதுவும் பேரம் பேசி விற்கிறான் என்று குடும்பத்தோடு பார்க்க வருகிறவர்களுக்கு முதல் அரைமணி நேரத்திலேயே காட்டுவது வியாபார புத்தியில் சேராது. ஒரு நல்ல கருவைத் தொட்டுவிட்டு அதன் சூட்டைத் தாங்காமல் கையை இழுத்துக்கொண்ட படம் இது என்றே எனக்குப் படுகிறது. எந்த இடத்தில் இழுத்துக்கொள்கிறது என்று பார்ப்பதுதான் விமர்சனத்தின் வேலை.

3

இதற்கு நாஞ்சில்நாட்டுச் சொல் ஒன்று எனக்குத் தேவைப்படுகிறது.

மருமக்கள்வழி நடந்த காலத்தில் இங்கே சொத்து மாமனிடமிருந்து மருமகனுக்கு, அதாவது உடன்பிறந்தாள் பிள்ளைக்குப் போனது. பெற்ற பிள்ளை அப்பா வீட்டில்தான் வளருவான். அப்பா இருக்கும்வரை வீடு. அவர் கண்ணை மூடினால் அம்மாவோடு அவனும் வெளியே. கவிமணி ‘மருமக்கள்வழி மான்மியம்’ எழுதியது இந்த வயிற்றெரிச்சலைத்தான். குடும்பத்துக் காரணவரின் ஐந்தாம் மனைவி அதைச் சொல்வதாக அமைத்தார். 1926ல், கொல்லம் 1101ல், திருவிதாங்கூர் அரசின் நாஞ்சில்நாட்டு வெள்ளாளர் சட்டம் வந்து அந்தப் பிடியைத் தளர்த்தியது. என் ஆச்சி பிறப்பதற்கு முந்தைய கதை இது. ஆனால் ஆச்சியின் பேச்சில் கடைசிவரை அந்தக் காலத்துச் சொல் ஒன்று நடமாடிக்கொண்டிருந்தது. உகந்துடைமை.

பெற்ற பிள்ளைகளுக்கு வழியுரிமை இல்லாத ஏற்பாட்டில், அப்பனின் சொத்திலிருந்து அவர்களுக்கென்று ஒதுங்கும் சிறு பங்குக்குப் பெயர் அது. உகந்து கொடுத்த உடைமை. இரத்தத்தின் உரிமையால் வருவதில்லை. வம்ச வழக்கத்தால் வருவதுமில்லை. பிரியப்பட்டுக் கொடுத்ததால் உனக்கு உரியது. சட்டம் ‘இவன் உன் வாரிசு அல்ல’ என்று சொல்கிற இடத்தில், ‘இருக்கட்டும், எனக்கு இவன்மேல் ஆசை’ என்று ஒரு அப்பன் சொன்னதற்கு இப்படி ஒரு பெயர் வாய்த்திருக்கிறது. சொத்துத் தகராறுகளைத் தவிர வேறெங்கும் இந்தச் சொல்லை நாம் எடுத்துப் பார்த்ததில்லை.

‘ரியல் ஸ்டீல்’ நேரெதிர் நிலையிலிருந்து தொடங்குகிறது. சட்டம் பையனை அப்பனுடையவன் என்கிறது. அப்பனுக்கு உவப்பு இல்லை. உரிமையைக் காசாக்கிக்கொள்கிறான். இதற்குப் பிறகு பையன் செய்யும் காரியம்தான் படத்தின் உயிர். இரவில், மழையில், உதிரிப் பாகம் திருடப்போன குப்பைக் கிடங்கில் மண் சரிந்து பையன் விளிம்புக்கு மேல் விழுகிறான். சேற்றில் புதைந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு இரும்புக் கையில் அவன் சட்டை மாட்டிக்கொள்கிறது. பிழைக்கிறான். அந்தக் கைக்குரிய ரோபோவைத் தோண்டி எடுத்தே தீருவேன் என்கிறான். அப்பன் உதவவில்லை. போய்விடுகிறான். பையன் இரவு முழுக்கத் தனியாகத் தோண்டி, இழுத்து வருகிறான். ஆட்டம் என்று பெயர். பயிற்சிக்காக, அதாவது மற்ற ரோபோக்களிடம் அடி வாங்குவதற்காகவே செய்யப்பட்ட பழைய மாடல். தன்னை விற்றவன் முன்னால், யாருக்கும் வேண்டாத ஒன்றை ‘இது என்னுடையது’ என்று அறிவிக்கிறான் பையன். தனக்குக் கிடைக்காததை அவன் ஒரு இரும்புத்துண்டுக்குக் கொடுக்கிறான். இதைவிடச் சரியாக உகந்துடைமையை யாரும் எனக்கு விளக்கியதில்லை.

4

குப்பைக் கிடங்கிலிருந்து எழுந்துவரும் ரோபோ நமக்குப் புதிதல்ல. ஒரு வருஷம் முந்தி, 2010 அக்டோபரில், ஷங்கரின் ‘எந்திரன்’ வந்துவிட்டது. அதிலும் ரோபோ குப்பையில் கிடக்கிறது. அங்கிருந்துதான் திரும்பி வருகிறது. இந்த இரண்டு குப்பைமேடுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் நம் சினிமாவைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளலாம்.

விஞ்ஞானி வசீகரன் ரோபோவைப் படைக்கிறான். வசீகரனின் அம்மாதான் அதற்குச் சிட்டி என்று பெயர் வைக்கிறாள். பெயர் வைத்த கணத்தில் அது வீட்டுப்பிள்ளை ஆகிவிடுகிறது. உணர்ச்சியும் புகட்டப்படுகிறது. உணர்ச்சி வந்ததும் அது முதலில் செய்வது, படைத்தவனின் காதலியை விரும்புவது. ராணுவத்துக்குக் காட்டும் இடத்தில் அவமானப்பட்ட வசீகரன் தன் கையாலேயே அதை வெட்டித் துண்டாக்கிக் குப்பையில் எறிகிறான். வேறொருவன் அதை எடுத்துப்போய்ச் சிவப்பு சிப் ஒன்றைச் செருகியதும் அசுரன் பிறக்கிறான். பிறகு முக்கால் மணி நேரம் வேடிக்கை.

வசீகரன் ரஜினிகாந்த். சிட்டியும் ரஜினிகாந்த். 1996ல் இதே ஷங்கர் எடுத்த ‘இந்தியன்’ படத்தை இதோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். அங்கே சேனாபதியும் கமல், அவர் மகனும் கமல். லஞ்சம் வாங்கிய மகனை அப்பா கொல்கிறார். நம் மாவட்டத்து ஆசான்மார் தலைமுறை தலைமுறையாகப் பொத்திவைத்த வர்மம் தமிழ் சினிமாவில் பிரபலமானது அந்தப் படத்தின் இரண்டு விரல்களால்தான் என்பது வேறு சங்கதி. இரண்டு படங்களிலும் வசனத்துக்குச் சுஜாதா உண்டு. ‘எந்திரன்’ வெளிவந்தபோது அவர் இல்லை, 2008ல் இறந்துவிட்டார். இரண்டிலும் ஒரே நடிகர் அப்பனாகவும் பிள்ளையாகவும் வருகிறார். இரண்டிலும் அப்பன் பிள்ளையைச் சிதைக்கிறான். இரண்டிலும் அது தர்மம் என்று நமக்குச் சொல்லப்படுகிறது.

இரட்டை வேடம் நம் சினிமாவின் மிகப் பழைய உத்தி. அது நடிகரின் சாமர்த்தியம் என்று நினைத்து ரசிக்கிறோம். அதன் அடியில் ஒரு பயம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பிள்ளை என்பவன் நம்மைப்போலவே இருக்க வேண்டும். அச்சாக அதே முகம். அவன் வேறு மாதிரி ஆசைப்பட ஆரம்பித்தால் முகம் ஒன்றாக இருப்பதே குற்றத்தை இன்னும் பெரிதாக்கிவிடுகிறது. சிட்டியிடம் வசீகரன் ஒரு வார்த்தை அப்பனாகப் பேசுவதில்லை. தயாரிப்பாளனாகப் பேசுகிறான், எஜமானனாகப் பேசுகிறான், கடைசியில் சாட்சியாக நிற்கிறான். நீதிமன்றம் சிட்டியைக் கலைத்துவிடச் சொன்னபிறகு, சிட்டி தானே தன் அங்கங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கும் காட்சி ஒன்று உண்டு. கூட்டமும் கிராபிக்ஸும் அடங்கி, அந்த நீளமான படத்தில் யாரோ நிஜமாக யோசித்து எழுதிய காட்சி அது ஒன்றுதான். அதில் பிள்ளை அப்பனை மன்னித்துவிட்டுப் போகிறது. அப்பன் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்ற பிரக்ஞையே படத்துக்குக் கிடையாது.

‘ரியல் ஸ்டீல்’ இந்த இடத்தில் ஒரு படி மேலே இருக்கிறது. சார்லிக்கும் ஆட்டத்துக்கும் முகம் ஒன்றல்ல. ஆட்டத்துக்கு முகமே இல்லை. வலைக்கம்பிக்குப் பின்னால் இரண்டு விளக்குகள். அதற்குள் அறிவு இருக்கிறதா, உணர்ச்சி இருக்கிறதா என்று படம் ஒருமுறை லேசாகக் கோடிகாட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறது. இந்த மௌனத்தைப் பாராட்ட வேண்டும். நம்மவர்களாக இருந்தால் அதற்கு ஒரு டூயட் வைத்திருப்பார்கள். வைத்தார்கள்.

5

குமரி மாவட்டத்தில் மலையாளப் படம் அயல்நாட்டுச் சரக்கல்ல. 2019ல் வந்த ‘ஆண்ட்ராய்டு குஞ்ஞப்பன் வெர்ஷன் 5.25’ஐ இங்கே பலரும் பார்த்திருக்கிறார்கள். ரதீஷ் பாலகிருஷ்ணன் பொதுவாள் எடுத்த முதல் படம். 2022ல் ‘கூகுள் குட்டப்பா’ என்று தமிழிலும் வந்தது. பையனூர்ப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பிடிவாதக்காரக் கிழவர். மகனை வெளியூர் வேலைக்கு விடமாட்டார். ஒருவழியாக மகன் ரஷ்யாவுக்குப் போய்விடுகிறான். பார்த்துக்கொள்ள வந்த ஆள்களைக் கிழவர் நிற்கவிடவில்லை. மகன் தன் கம்பெனியின் ரோபோ ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறான். முதலில் வெறுக்கிறவர், நாளாக நாளாக அதற்கு வேட்டி கட்டிவிட்டுத் தெருவில் கூட்டிக்கொண்டு நடக்கிறார். மகன் திரும்பி வந்து ரோபோவைக் கேட்கும்போது கொடுக்க மறுக்கிறார்.

இதில் ரோபோச் சண்டை கிடையாது. சண்டை, ஒரு இயந்திரத்துக்காகப் பெற்ற மகனோடு அப்பன் போடும் சண்டை. சுராஜ் வெஞ்ஞாரமூடு தன் வயதைவிட வெகுவாகக் கூடிய அந்த வேஷத்தைத் தாங்கிக்கொண்டு நடித்ததைப் பற்றி நிறையப் பேர் பேசிவிட்டார்கள். எனக்கு அந்தப் படம் என் கௌண்டரிலேயே நடக்கிறது. இந்த மாவட்டத்தில் பாங்க் வேலை பார்க்கிறவனுக்குத் தெரியும், ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் பாஸ்புக்கோடு வந்து நிற்கும் கிழவர்களை. பிள்ளைகள் துபாயில், மஸ்கட்டில், கானடாவில். “பய பணம் போட்டிருக்கானா மக்களே?” என்று கேட்பார்கள். போட்டிருப்பான். பெரும்பாலும் தவறாமல் போட்டிருப்பான். பிரிண்டர் ‘கர்ர்’ என்று ஒரு வரி அடிக்கும். அதை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, எடுக்காமலே போய்விடுகிறவர்களும் உண்டு. பணம் எடுக்க வந்தவர்கள் அல்ல அவர்கள். மகன் உயிரோடு இருக்கிறான், நினைத்துக்கொள்கிறான் என்பதற்கு அந்த ஒரு வரி அத்தாட்சி. நவம்பரில் பென்ஷன்காரர்கள் தாங்கள் உயிரோடிருப்பதற்கு அத்தாட்சி கொடுக்க வருவார்கள். மற்ற மாதங்களில் பிள்ளைகளின் அத்தாட்சியை வாங்கிப்போக வருகிறார்கள்.

குஞ்ஞப்பன் என்ற அந்த ரோபோவும் மகன் அனுப்பிய ஒரு வரிதான். வித்தியாசம், அது திருப்பிப் பேசுகிறது, கூட நடக்கிறது. கிழவர் அதன்மேல் பாசம் வைத்தது பைத்தியக்காரத்தனமல்ல. சட்டப்படியான பிள்ளை இல்லாத இடத்தில் உகந்து ஒன்றைப் பிள்ளையாக்கிக்கொண்டார். சார்லியின் மகன் சேற்றிலிருந்து தோண்டி எடுத்ததும் இதைத்தான். ஒன்றில் அப்பன் கைவிட்ட பிள்ளை. இன்னொன்றில் பிள்ளை விட்டுப்போன அப்பன். கேரளத்துப் படத்தில் பணம் குறைவு, பார்வை கூடுதல். எந்தக் கோப்பையையும் யாரும் தூக்கிப் பிடிக்க வேண்டியிராததால் அதற்கு அது சாத்தியமாகியிருக்கிறது.

6

இனி, நான் அழுத இடம்.

கடைசிப் பந்தயம். எதிரே ஜீயஸ் என்ற உலக சாம்பியன் ரோபோ. கடைசிச் சுற்றுக்கு முன் ஆட்டத்தின் குரல்-கட்டளைக் கருவி பழுதாகிவிடுகிறது. மிச்சமிருப்பது ‘நிழல்’ முறை. எதிரே நிற்கும் மனிதன் என்ன செய்கிறானோ அதை அப்படியே செய்யும் பழைய ஏற்பாடு. வருஷக்கணக்காகக் கையை மடக்காத சார்லி மேடை ஓரத்தில் நின்று வெறும் காற்றில் குத்துகிறான். உள்ளே ஆட்டம் குத்துகிறது. இந்தப் படத்தின் குத்துச்சண்டைக்குச் சுகர் ரே லெனார்ட் யோசனை சொல்லியிருக்கிறார். ஜாக்மனின் கால்கள் பொய் சொல்லவில்லை. அரங்கமே ரோபோக்களைப் பார்த்துக் கத்துகிறது. பையன் மட்டும் ரோபோக்களைப் பார்க்கவில்லை. அப்பனைப் பார்க்கிறான்.

அந்தப் பார்வையில்தான் 2011லும் உடைந்தேன், போன மாதமும் உடைந்தேன். ஏன் என்று இப்போது சொல்ல முடிகிறது.

சின்ன வயதில் எங்கள் ஊர்ப் பொட்டலில் தோல்பாவைக்கூத்து வரும். அ.கா. பெருமாள் போன்றவர்கள் விரிவாக எழுதிவைத்திருக்கும் மராட்டி பேசும் குடும்பங்கள். ராமாயணம் பத்து நாள். எல்லோரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்து உச்சிக்குடும்பனுக்கும் உளுவத்தலையனுக்கும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் ஒருநாள் பின்பக்கம் போய்விட்டேன். இந்திரஜித் விழுந்த இரவு. ஒரே ஆள். ஒரு கையில் ராவணன். இன்னொரு கையில் செத்த மகன். இரண்டு பேருக்கும் குரல் அவரே. காலால் பலகையை உதைத்து யுத்த ஓசையும் அவரே. மனைவி ஆர்மோனியம். பக்கத்தில் என் வயதுப் பையன் ஒருவன், அடுத்த பாவையை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் திரையைப் பார்க்கவில்லை. அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான். எப்போது கை நீளும் என்று.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா இளமையில் ஒரு ஆசானிடம் அடிமுறை படித்தவர். விடியுமுன் முற்றத்தில் சுவடு வைப்பார். நான் பின்னால் நின்று அதைப்போலவே வைப்பேன். அவர் திரும்பிப் பார்த்துத் திருத்தியதில்லை. நான் இருப்பது தெரியும் என்பதை, கடினமான சுவட்டில் கொஞ்சம் மெதுவாகப் போவதன் மூலம் காட்டுவார். பதினாலு வயதில் நிறுத்திவிட்டேன். புத்தகங்கள் வந்துவிட்டன. அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆக, அந்தக் காட்சி என்னைத் தொட்டதற்கு ஷான் லெவி பாதிதான் பொறுப்பு. மீதி என்னுடையது. விமர்சகன் இதை ஒளிக்கக் கூடாது. ஆனால் இதோடு நிறுத்திவிட்டால் விமர்சனம் டயரி எழுதுவதாகிவிடும். படம் கையை இழுத்துக்கொள்ளும் இடமும் இதே காட்சிதான். சார்லி மகனை விற்றவன். அதற்கு ஈடாக அவன் என்ன கொடுக்கிறான்? காற்றில் குத்துகிறான். அடி முழுவதும் ஆட்டத்துக்கு. நடுவில் கடன்காரன் ஆள்களோடு வந்து இவனை அடித்துப்போடும் காட்சி ஒன்று உண்டு. ஆனால் அது பழைய கடனுக்கு விழுந்த அடி. மகனுக்காக விரும்பி ஏற்ற அடி அல்ல. மாத்திசனின் நாயகன் தன் இரும்புக்காக உடம்பைக் கொடுத்தான். அவனுடைய உகப்பு அவனுடைய விலாவெலும்பில் எழுதப்பட்டது. சார்லியின் பிராயச்சித்தத்தை ஒரு இயந்திரம் வாங்கிக்கொள்கிறது. தண்டனை நிழலுக்கு, மன்னிப்பு ஆளுக்கு.

ஆனாலும் படம் ஒரு இடத்தில் தன்னை அறியாமல் நேர்மையாகிவிடுகிறது. பந்தயத்தில் ஆட்டம் தோற்கிறது, புள்ளிக் கணக்கில். கூட்டம் கொண்டாடுகிறது, படம் முடிகிறது. பையன் இனி யாரிடம் வளர்வான் என்பதைப் படம் சொல்லவேயில்லை. அம்மாவின் சகோதரி கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறாள். சட்டப்படி பையன் அவளுடையவன். விற்ற பத்திரம் விற்றதுதான். உரிமை திரும்பவில்லை. உகப்பு மட்டும் வந்திருக்கிறது. ஹாலிவுட் வேறு எந்தப் படத்திலும் ஒரு நீதிபதியைக் கூப்பிட்டு இதற்கு முத்திரை குத்தியிருக்கும். இங்கே மறந்துவிட்டார்களா, நேரமில்லையா, தெரியாது. எனக்கு அது போதும்.

நம் நண்பர்களுக்கு ஒன்று. நான் இதுவரை எழுதியவை ஆறு கதைகள். ஆறிலும் அப்பா உண்டு. ஆறிலும் ஈஸிசேரில் உட்கார்ந்து யாரையாவது வதைத்துக்கொண்டிருப்பார். மகன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருப்பான். இதைத் தனிமை என்றும் அந்நியமாதல் என்றும் நாம் சொல்லிவந்தோம். எனக்கு இப்போது 35 வயது. எனக்கே ஒரு பையன் இருக்கிறான். எழுத உட்கார்ந்தால் மட்டும் நான் இன்னும் மகன்தான். நம்மில் பலரும் இப்படித்தான் என்று நினைக்கிறேன். மகனாக இருந்துகொண்டு குற்றம் சாட்டுவது எளிது. அப்பனாக நின்று, நான் எவ்வளவுக்கு விற்றேன் என்று எழுதுவது வேறு. ஞாயிற்றுக்கிழமைகளை எனக்குப் புத்தகங்களுக்கு விற்ற வழக்கம் உண்டு. இந்தக் கட்டுரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் எழுதப்படுகிறது.

படம் முடிந்ததும் என் மகன் அவன் பாட்டாவிடம் ஓடினான். சண்டை போடக் கற்றுக்கொடுக்கச் சொல்லி. அப்பாவுக்கு 70 தாண்டிவிட்டது, முட்டு வலி. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு சுவடு வைத்தார். பையன் பின்னால் நின்று வைத்தான். நான் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடினமான இடத்தில் அவர் மெதுவாகப் போனார்.